மலைமேல் ஒரு மணற்காடு

பாலைவனம் என்றதும் நம்மவரில் பெரும்பாலோருக்கு ஒட்டகமும் பேரீச்ச மரமும் ராஜபுதனத்து மணல்மேடும் ஞாபகத்துக்கு வரும். மலை என்றதும் உதகமண்டலத்துக் குளிரும் பச்சைப் பசேலென்ற சோலைகளும் மனக்கண்ணில் தோன்றும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரிடையானவை என்றே நாம் பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் படித்த நாள் முதல் எண்ணி வந்திருக்கிறோம். ஆனால் பாரத தேசத்தின் வடகோடியில், மலையும் பாலைவனமும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும் ஒரு விசித்திரப் பிரதேசம் உண்டு. அதுதான் லடாக். அந்தப் பாலைவனத்தின் குறுக்கே சைக்கிளில் சென்ற ஒரு நாள் பிரயாணத்தைப் பற்றியே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மேகங்கள் ஏமாற்றும் நாடு

தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து அள்ளிக்கொண்டு வரும் ஜலத்தையெல்லாம் இமயத்தின் தெற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலைச் சுவரைத் தாண்டி அப்புறம் போகும் காற்று வெறுங்கையுடன் போகிறது. ஆகையால் லடாக்கின் தலைநகரான லேயில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 4 அங்குலந்தான். சென்னைக்கு வருஷத்தில் 55 அங்குல அளவில் மழை கிடைக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த நாட்டின் வறட்சி விளங்கும். அங்கே கோதுமையும் வாற்கோதுமையும் விளைகின்றன என்றால், அது பனிமலை உருகி வரும் ஓடைகளின் புண்ணியமேயன்றி மேகங்களின் தயவு அல்ல.

ஹிமாசலப் பிரதேசத்து மணாலியிலிருந்து லேக்குச் செல்லும் சாலை சுமார் 300 மைல் நீளமுள்ளது. 2020-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை, ரோதங் கணவாயின் அடியில் ஐந்தரை மைலுக்குச் சற்று அதிகமாகக் குடைந்து செல்வதால், முதல் ஏற்றத்தின் சிரமம் இப்பொழுது விரும்பினவர்களுக்கு மட்டுமே. அதற்கப்புறம் வரும் பாராலாச்சா, லாச்சுலுங், தங்லங் முதலிய கணவாய்களுக்கு அத்தகைய சலுகை இல்லை. "லா" என்றால் அந்நாட்டுப் பாஷையில் கணவாய் என்று அர்த்தம். குளிர்காலத்தில் பனி மூடிவிடுவதால் வருஷத்தில் பல மாதங்கள் இந்தச் சாலை அடைபட்டுக் கிடக்கிறது.

சைக்கிளில் ஏன்?

மோட்டார் இருக்கும்போது சைக்கிளில் போவானேன் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு நம் தேசத்து வாலிபர்கள் சிலர் வெகு காலத்துக்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறார்கள். 1923-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி இளைஞர்கள் உலகத்தைச் சுற்றி வருவதென்று சைக்கிளில் புறப்பட்டார்கள். பாரசீகத்து மலைகளையும் மெஸபொடேமியாப் பாலைவனத்தையும் தாண்டி, ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஜப்பானையும் பார்த்துவிட்டு, 1928-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பம்பாய்க்குத் திரும்பி வந்தவர்கள் மூன்று பேர்: ஆதி ஹக்கீம், ஜால் பாபாஸோலா, ருஸ்தும் பும்காரா. அவர்கள் மிதித்த தூரம் சுமார் 44,000 மைல். பின்னர் 1931-ல் வங்காளத்து ராம்நாத் பிஸ்வாஸ் சிங்கப்பூரிலிருந்து தம்முடைய சைக்கிள் யாத்திரையை ஆரம்பித்தார். அடிமைப்பட்டுக் கிடந்த தேசத்தின் பிள்ளைகள், கையில் அதிகப் பணமும் இல்லாமல், சொந்தக் கால்களை நம்பி உலகத்தைப் பார்க்கப் புறப்பட்டார்கள் என்பது நம் சரித்திரத்தில் மறக்கத்தகாத ஒரு சிறு அத்தியாயம்.

அவர்களோடு எங்களை ஒப்பிட்டுக் கொள்ளும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. எங்கள் கோஷ்டியில் நாலு பேர். உயர்தரப் பள்ளிக் கணக்கு வாத்தியார் ஒருவர். இளம் டாக்டர் ஒருவர். பாங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கும் தம்பி ஒருவன். நாலாவது பேர்வழி இந்தக் கட்டுரையை எழுதும் நாம். மணாலியை விட்டுப் புறப்பட்ட எட்டாம் நாள் மாலை "பாங்" என்ற இடத்தை அடைந்தோம். பாங்கியில் வேலை பார்ப்பவனுக்குப் பாங்கிலாவது நிம்மதி கிடைக்கட்டும் என்று வாத்தியார் வேடிக்கை செய்தார்.

முன்னும் மலை, பின்னும் மலை

பாங்கை ஊர் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். கோடைக்காலத்தில் மட்டும் முளைக்கும் கூடாரங்கள் சில. ராணுவ முகாம் ஒன்று. உயரமோ 15,000 அடிக்கு மேல். அங்கே தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பிரஷர் குக்கர் இல்லாதவன் அரிசியை எத்தனை நேரம் அடுப்பில் வைத்தாலும் அது அரிசியாகவே இருக்கும்.

இந்த இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு. உயரத்தினால் நோய் கண்டவனுக்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் பாங்கிலிருந்து எந்தப் பக்கம் இறங்க வேண்டுமானாலும் முதலில் ஏற வேண்டும். பின்னால் போனால் 16,600 அடி உயரமுள்ள லாச்சுலுங் கணவாய். முன்னால் போனால் அதைவிட உயரமான தங்லங் கணவாய். கிணற்றுக்குள் விழுந்தவன் கிணற்றின் சுவர் மேல் ஏறித்தான் வெளியே வர வேண்டும் என்பது போன்ற நிலைமை.

அன்றிரவு தம்பிக்குத் தலைவலி. சாப்பாட்டிலும் மனம் செல்லவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்து, வெந்நீர் நிறையக் குடிக்கச் செய்து, "காலையில் இது குறையாவிட்டால் சைக்கிளை நீ தொடக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலையில் எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. தலைவலி போய்விட்டதாகவும் சொன்னான். மண்ணிலே கோடு கிழித்து, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார் டாக்டர். மூளையில் நீர் கோத்துக் கொண்டால் முதலில் தடுமாறுவது நடைதானாம். தம்பி அம்பு போல நேராக நடந்தான். ஆறு மணிக்குப் புறப்பட்டோம்.

இருபத்தைந்து மைல் சமவெளி

பாங்கிலிருந்து சாலை சில மைல் தூரம் வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறுகிறது. கடைசி வளைவைத் தாண்டியதும் கண்ணை நம்ப முடியவில்லை. மேஜையைப் போன்ற தட்டையான வெளி! மோரே சமவெளி என்று பெயர். 15,500 அடி உயரத்தில், சுமார் 25 மைல் நீளம், இரு பக்கமும் காவி, ஊதா, சாம்பல் நிறங்களில் மலைகள். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. முன்னெல்லாம் இங்கே சாலையே கிடையாது. புழுதியில் அவரவர் இஷ்டப்படி வண்டிகள் ஓடிய தடங்கள்தான் உண்டு. இப்பொழுது நடுவகிடு எடுத்தாற்போல் தார்ச் சாலை நேராகப் போகிறது.

இந்த வெளியில் தூரத்தை மதிப்பிடுவது மனிதக் கண்ணுக்கு இயலாத காரியம். காற்றில் தூசியும் ஈரமும் இல்லாமையால் பத்து மைலுக்கு அப்பாலுள்ள மலை பக்கத்துத் தெருவில் இருப்பது போல் தோன்றுகிறது. "அதோ, அரை மணியில் போய்விடலாம்" என்று தம்பி காட்டிய பாறை இரண்டு மணி நேரம் எங்களோடு கண்ணாமூச்சி ஆடியது. வெயிலும் அப்படியே. வெயில் படும் கன்னம் காய்கிறது. நிழல்பட்ட கன்னம் விறைக்கிறது. ஒரே ஆள் ஒரே சமயத்தில் சித்திரை மாதத்திலும் மார்கழி மாதத்திலும் வாழ்வதற்கு இதைவிடச் சிறந்த இடம் கிடையாது.

சூனியம் என்று நாங்கள் நினைத்த அந்த வெளியில் ஜீவன்களும் இருந்தன. "கியாங்" என்னும் காட்டுக் கழுதைக் கூட்டம் ஒன்று, செம்பழுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக, எங்களைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் புழுதி பறக்க ஓடியது. தொலைவில் சாங்பா என்னும் இடையர்களின் ஆடுகள் மேய்ந்து கொண்டிருந்தன. உலகத்துச் சீமாட்டிகள் போர்த்துக்கொள்ளும் பஷ்மீனாச் சால்வைக்கு மூலதனம் இந்த ஆடுகளின் அடிமயிர்தான். குளிர் கடுமையாக இருப்பதாலேயே அந்த மயிர் அத்தனை மெல்லியதாகவும் கதகதப்பாகவும் வளர்கிறது. புல் தேடிக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வருஷம் முழுவதும் அலையும் அந்த ஜனங்களுக்கு, அந்தச் சால்வைகள் எந்தக் கடையில் என்ன விலைக்குப் போகின்றன என்பதைப் பார்க்கும் வாய்ப்பு அரிது.

பதினொரு மணிக்கு மேல் எதிர்க்காற்று ஆரம்பித்தது. சமவெளியில் பெடலை மிதிப்பது மலை ஏறுவதைப் போலாயிற்று. ஒருவர் பின் ஒருவராக, முன் செல்பவரின் முதுகைக் காற்றுக்குத் தடுப்பாக வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை முறை மாற்றிச் சென்றோம். தம்பியின் முறை வந்தபோது அவன் முன்னே வரவில்லை. திரும்பிப் பார்த்தோம். இருநூறு கெஜ தூரத்தில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுச் சாலையோரத்தில் வாந்தி எடுத்துக் கொண்டிருந்தான்.

டெப்ரிங்கில் பிரிவு

மெள்ள மெள்ள அவனை நடத்தி, சமவெளியின் மறு கோடியிலுள்ள டெப்ரிங் கூடாரங்களை நண்பகலுக்குக் கொண்டு சேர்த்தோம். ஸோ கர் என்னும் உப்பு ஏரிக்குப் பாதை பிரியும் இடம் அதற்கு அருகில்தான். டாக்டர் மறுபடியும் கோடு கிழித்தார். தம்பி நடந்தான். கோடு தவறவில்லை. ஆனால் காலையிலே அம்பு போல் நடந்தவன் இப்பொழுது கயிற்றின் மேல் நடப்பவனைப் போல் யோசித்து யோசித்து நடந்தான்.

"போதும். இனிமேல் லாரிதான்" என்றார் டாக்டர்.

"டாக்டர் சார், இன்னும் ஒரே ஒரு கணவாய்தானே? மெதுவாக மிதித்து வந்துவிடுகிறேன். இரண்டு வருஷ லீவைச் சேர்த்து வைத்து வந்திருக்கிறேன், சார்" என்றான் தம்பி. அவன் குரல் தழுதழுத்தது.

டாக்டர் பதில் சொல்லவில்லை. வாத்தியார்தான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "தம்பி, ஒரு கணக்குப் போடு. கணவாய் அடுத்த வருஷமும் இதே இடத்தில் இருக்கும். உன் அம்மாவுக்கு நீ ஒரே பிள்ளை. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்து விடையை நீயே சொல்" என்றார்.

தம்பி நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய்த் தன் சைக்கிளின் பின்பக்கத்து மூட்டைகளைத் தானே அவிழ்க்கத் தொடங்கினான்.

ஒரு மணி நேரம் கழித்து லாரி ஒன்று வந்தது. டிரைவர் பஞ்சாபிக்காரர். விஷயத்தைச் சொன்னதும், வேறு பேச்சுப் பேசாமல், முன்னாசனத்தில் இடம் ஒழித்துக் கொடுத்தார். எங்களிடமிருந்த சிறிய பிராணவாயுக் குழலை எடுத்துக்கொண்டு டாக்டரும் உடன் ஏறினார். பணத்தை நீட்டியதற்கு, "நோயாளியிடம் வாடகை வாங்கினால் மலை சும்மா விடாது" என்றார் டிரைவர். கணவாயில் நிற்காமல், ரும்ஸே கிராமத்தையும் தாண்டி, சிந்து நதிக் கரையிலுள்ள உப்ஷிக்கே தம்பியைக் கொண்டு போய்விடுவதென்றும், வழியில் ரும்ஸேயின் முதல் கூடாரத்தில் எங்களுக்குச் செய்தி எழுதி வைப்பதென்றும் ஏற்பாடாயிற்று. இரண்டு சைக்கிள்களும் லாரியின் தலையில் ஏறின. எங்கள் மூட்டைகளையும் அனுப்பிவிடலாமா என்று கேட்டதற்கு, "இந்த மலையில் கம்பளியையும் கூடாரத்தையும் விட்டுப் பிரியக்கூடாது" என்று டாக்டர் தலையசைத்துவிட்டார்.

யார் சம்பளம் கொடுத்தார்கள்?

தங்லங் கணவாயின் உயரம் சுமார் 17,480 அடி. நம் ராஜ்யத்துத் தொட்டபெட்டாவின் தலைமேல் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தாலும் அந்த உயரத்துக்கு எட்டாது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் பாதிதான். வாத்தியாரும் நாமும் இருபது சுற்று மிதிப்பதும், இறங்கி நின்று மூச்சு வாங்குவதுமாக ஏறினோம். பேச்சு நின்றுவிட்டது. வாத்தியார் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். "பதினேழாம் வாய்ப்பாடு; ஞாபகம் தப்பினால் டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான்" என்று விளக்கம் சொன்னார்.

கணவாய்க்குச் சற்றுக் கீழே ஒரு திருப்பத்தில் தார்ப் பீப்பாய்கள் புகைந்து கொண்டிருந்தன. முகத்தைத் துணியால் சுற்றிக் கண் மட்டும் தெரிய, பத்துப் பன்னிரண்டு பேர் ஜல்லி கொட்டிக் கொண்டிருந்தார்கள். எல்லைச் சாலை ஸ்தாபனத்தின் கூலியாட்கள். ஜார்க்கண்டின் தும்கா ஜில்லாவிலிருந்து வந்தவர்கள். சமவெளியில் பிறந்து வளர்ந்த அந்த ஜனங்கள் கோடை தோறும் இரண்டாயிரம் அடியோ மூவாயிரம் அடியோ அல்ல, பதினேழாயிரம் அடி உயரத்துக்கு வந்து கல்லுடைக்கிறார்கள். வெறுங்கையோடு நடப்பதே எங்களுக்குப் பெரும்பாடாக இருந்த இடத்தில் அவர்கள் மண்வெட்டி பிடித்து நாள் முழுவதும் உழைத்துக் கொண்டிருந்தார்கள்.

அவர்களில் வயதான ஒருவர் எங்களுக்குத் தகரக் குவளையில் சூடான டீ கொடுத்தார். நாங்கள் குடித்து முடிக்கும் வரையில் சைக்கிளையும் எங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஹிந்தியில் கேட்டார்: "பாபு, இதை ஓட்டிக்கொண்டு வர உங்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?"

"ஒருவரும் கொடுக்கவில்லை."

"பின் எதற்காக இந்தக் கஷ்டம்?"

கணக்கு வாத்தியாருக்கே விடை தெரியாத கணக்காகிவிட்டது அது. சிறிது நேரம் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தவர், "நீங்கள் போட்ட சாலையைப் பார்க்கத்தான் வந்தோம்" என்றார். கிழவர் இதை மற்றவர்களுக்குத் தம் பாஷையில் எடுத்துச் சொன்னார். அவர்கள் முகத்துணிக்குள் சிரித்தது கண்களில் தெரிந்தது.

வாத்தியார் சாதுர்யத்துக்காக அப்படிச் சொன்னாரென்று நமக்கு முதலில் தோன்றியது. மேலே மிதிக்க மிதிக்க, அதைவிட உண்மையான பதில் கிடையாதென்று பட்டது. மோட்டாரில் போகிறவனுக்குச் சாலை என்பது ஜன்னலுக்கு வெளியே நழுவும் ஒரு கறுப்புக் கோடு. சைக்கிளில் போகிறவனுக்கோ அதன் ஒவ்வொரு கல்லும் தொடையில் தெரியும். எந்த வளைவில் எத்தனை பேர் எத்தனை நாள் உழைத்திருப்பார்கள் என்பதை அவன் உடம்பே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

கணவாயில் பத்து நிமிஷம்

மாலை ஐந்தே காலுக்கு உச்சியை அடைந்தோம். வண்ண வண்ணத் துணிகளில் மந்திரங்களை அச்சிட்ட பௌத்தக் கொடிகள் காற்றில் படபடத்தன. அங்கே நட்டிருந்த மஞ்சள் பலகை 17,582 அடி என்றது. பிற்கால அளவைகள் அதிலிருந்து சுமார் நூறடியைக் குறைத்துவிட்டன. மூச்சு முட்டி நிற்பவனுக்கு அந்த நூறடியும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். தெற்கே, நாங்கள் காலை முழுவதும் மல்லாடிய சமவெளி ஒரு சாணகலம் கிடந்தது. வடக்கே மலைகளுக்குப் பின்னால் மலைகள்.

வெற்றி முழக்கம் ஒன்றும் எழவில்லை. "இந்நேரம் எங்கே இருப்பார்கள்?" என்றார் வாத்தியார். நாமும் அதையேதான் நினைத்துக் கொண்டிருந்தோம். குளிர்காற்றுக்குக் கம்பளியை இறுக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தோம்.

இருபது மைலுக்கு அருகில் ஒரே இறக்கம். ஏறும்போது நுரையீரலுக்கு வேலை. இறங்கும்போது பிரேக்கைப் பிடிக்கும் விரல்களுக்கு வேலை. விரல்கள் விறைத்துப் போய்ப் பிரேக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல், இரண்டு மூன்று இடங்களில் நின்று கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக் கொண்டோம். இறங்க இறங்கக் காற்று கனத்தது, மூச்சு இனித்தது. ஓர் ஓடை எங்களோடு சேர்ந்து கொண்டது. திடீரென்று ஒரு திருப்பத்தில் பச்சை! வாற்கோதுமை வயல் ஒன்று, பாய் விரித்தாற்போல். ரும்ஸே வந்துவிட்டது.

துண்டுக் காகிதம்

முதல் கூடாரத்து வாசலில் ஒரு மூதாட்டி நின்றாள். அந்நாட்டில் வயதான மாதரை "அமா-லே" என்று அழைப்பது மரியாதை. நாம் "அம்மா" என்பதன் மறு உருவந்தான் அது. "ஜூலே, அமா-லே" என்று வணங்கினோம். அவள் எங்கள் சைக்கிள்களைப் பார்த்ததும் உள்ளே போய், உப்பும் வெண்ணெயும் போட்ட டீ கொண்டு வந்தாள். கூடவே, டீச் சட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த ஒரு காகிதத் துண்டு. டாக்டரின் கையெழுத்து, வழக்கம் போல் பாதிதான் புரிந்தது. "கணவாயைத் தாண்டியதும் தலைவலி குறைந்தது. இங்கே வந்ததும் பசிக்கிறது என்றான். உப்ஷிக்குப் போகிறோம்."

வாத்தியார் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை உரக்கப் படித்தார். அன்றைக்குச் சிகரம் ஏறிய சந்தோஷம் எங்களுக்கு வந்து சேர்ந்தது அப்பொழுதுதான்.

மறுநாள் காலை உப்ஷியில், சிந்து நதிக் கரையில், தம்பி நான்காவது ரொட்டியைத் தின்று கொண்டிருந்தான். லே அங்கிருந்து முப்பது மைல். டாக்டரின் அனுமதியோடு அந்த முப்பது மைலையும் அவனே முன்னால் மிதித்துச் சென்றான்.

போக விரும்புகிறவர்களுக்கு

நம் வீட்டு வாலிபர்களும் யுவதிகளும் இத்தகைய பிரயாணங்களுக்குப் போக வேண்டும் என்பதே எங்கள் ஆசை. ஜூலை முதல் செப்டம்பர் வரையில் போகலாம். அவசரம் கூடாது, உயரம் ஏற ஏற ஒரே இடத்தில் ஓரிரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ள வேண்டும். தனியாகப் போவதைத் தவிர்ப்பது நலம். தலைவலியை மறைப்பது வீரமாகாது. மேல் ஏறிய பின் நோய் அதிகப்பட்டால் இறங்குவதைத் தவிர வேறு யோசனைக்கு இடம் கொடுக்கக்கூடாது. பெற்றோர்களும் "ஐயோ, சைக்கிளிலா!" என்று தடுப்பதற்குப் பதிலாக, டயரையும் டியூபையும் மருந்துப் பெட்டியையும் சரிபார்த்து அனுப்பி வைக்கலாம்.

தேசம் பெரிது என்று படத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்வது ஒரு விதம். அதன் ஒரு மூலையில், பெயர் தெரியாத லாரிக்காரரும் தும்காக் கிழவரும் அமா-லேயும் நம்மை ஏற்றிவிட்டு, டீ கொடுத்து, செய்தி சொல்லிக் காப்பாற்ற, அதைத் தெரிந்து கொள்வது இன்னொரு விதம். இரண்டாவது விதத்துக்கு இரண்டு சக்கரம் போதும்.